மதுரை வெயிலில் கிருமி ஏன் ஏமாறுவதில்லை?

மதுரையில் நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "நோய் தரும் பாக்டீரியாக்கள் 37 டிகிரி வந்ததும் உடம்புக்குள் நுழைந்துவிட்டோம் என்று தெரிந்துகொண்டு, நோய் உண்டாக்கும் மரபணுக்களை இயக்குகின்றன என்று பாடத்தில் இருக்கிறது. நம்ம ஊரில் மே மாதம் நிழலிலேயே 40. அப்படியானால் சாக்கடையிலும் தெருப்புழுதியிலும் இருக்கும் கிருமியெல்லாம் சும்மாவே முறுக்கிக்கொண்டு நிற்குமா? காய்ச்சல் வந்து உடம்பே 40-க்குப் போனால் என்ன ஆகும்?"

நல்ல கேள்வி தம்பி. நிற்காது என்பதுதான் பதில். பாடப்புத்தகத்தில் இருப்பது பொய் இல்லை, ஆனால் பாதிதான். வெப்பம் கிருமிக்குக் கிடைக்கிற ஒரு துப்பு. அந்த ஒரு துப்பை மட்டும் நம்பி அது பெரிதாக எதிலும் இறங்குவதில்லை. எப்படி என்று பார்ப்போம். டிகிரி என்று நான் சொல்வதெல்லாம் செல்சியஸ்தான்.

முதலில் ஒரு குழப்பத்தை ஓரமாக வைத்துவிடலாம். மே மாதத்தில் காலையில் அரைத்த இட்லி மாவு மதியத்துக்குள் பொங்கி வழிகிறது. மார்கழியில் ராத்திரி முழுக்க வைத்தாலும் அசைய மாட்டேன் என்கிறது. அது வளர்ச்சி வேகம். சூட்டில் நொதிகள் சுறுசுறுப்பாக வேலை செய்கின்றன, நுண்ணுயிரி சீக்கிரம் பெருகுகிறது. வெளியே வைத்த பிரியாணி கெட்டுப்போவதும் இதே கணக்குதான். நீங்கள் கேட்பது வேறு விஷயம். குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டியதும், அதுவரை மூடிக்கிடந்த சில மரபணுக்கள் மட்டும் திறப்பது பற்றியது அது. தேர்வுத்தாளில் இந்த இரண்டையும் கலந்து எழுதி மதிப்பெண்ணைத் தொலைப்பவர்கள் நிறையப் பேர்.

மரபணு வேலை செய்வது என்றால் என்ன? டிஎன்ஏ-வில் உள்ள தகவல் ஆர்என்ஏ-வாகப் படியெடுக்கப்படுகிறது. ரைபோசோம் அந்தப் படியை வாசித்துப் புரதம் செய்கிறது. புரதம் போய் வேலையைப் பார்க்கிறது. இந்த மூன்று இடங்களில் எங்கே வேண்டுமானாலும் வெப்பம் கை வைக்கலாம். மூன்றுக்கும் உதாரணம் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது லிஸ்டீரியா. காய்ச்சாத பாலிலும் அதில் செய்த பாலாடைக்கட்டியிலும் இருந்து வந்து, கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவு வரை கொண்டுபோகும் கிருமி. மண்ணிலும் அழுகிய இலைதழையிலும் அது பாட்டுக்கு வாழும். ஆளுக்குள் போனால் செல்லைத் துளைத்துக்கொண்டு உள்ளே குடியேறும். குடியேறத் தேவையான மரபணுக்களை எல்லாம் மேய்ப்பது பிஆர்எஃப்ஏ என்ற ஒரே புரதம். அந்தப் புரதத்துக்கான ஆர்என்ஏ குளிர்ந்த இடத்திலும் தயாராகிறது. ஆனால் அதன் முன்பகுதியில், நூறு எழுத்துக்கு (ஆர்என்ஏ-வைக் கோக்கும் கண்ணிகளைத்தான் எழுத்து என்கிறேன்) சற்று அதிகமான நீளத்துக்கு, ஒரு துண்டு தன்மேலேயே மடங்கிக் கொண்டையூசி வடிவில் கிடக்கிறது. ரைபோசோம் வந்து உட்கார வேண்டிய இடம் அந்த மடிப்புக்குள் மாட்டிக்கொள்கிறது. 30 டிகிரியில் மடிப்பு மூடியே இருக்கும். 37-ல் எழுத்து ஜோடிகளுக்கு இடையிலான பிடி தளர்ந்து மடிப்பு அவிழ்கிறது, ரைபோசோம் உட்கார்கிறது, புரதம் வந்துவிடுகிறது. வேறு எந்தப் புரதத்தின் தயவும் வேண்டாம். தகவலைச் சுமக்கும் மூலக்கூறே வெப்பமானியாகவும் இருக்கிறது.

பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பாஸ்கல் கொஸாரின் குழு 2002-ல் இதைக் காட்டிய விதம் அழகு. அந்த ஆர்என்ஏ முன்பகுதியை மட்டும் எடுத்து, பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவுக்கு முன்னால் ஒட்டி, லிஸ்டீரியாவுக்குச் சம்பந்தமே இல்லாத ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். 37-ல் ஈ.கோலை பச்சையாக ஒளிர்ந்தது, 30-ல் ஒளிரவில்லை. அடுத்து, மடிப்பு உறுதியாக நிற்காதபடி அதில் சில எழுத்துகளை மாற்றிப் பார்த்தார்கள். மாற்றம் செய்த லிஸ்டீரியா 30 டிகிரியிலேயே செல்லுக்குள் நுழையத் தொடங்கியது. கதவு எங்கே இருக்கிறது, தாழ்ப்பாள் எது என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இதே கிருமியின் இன்னொரு பக்கத்தை லேபில் கண்ணாலேயே பார்க்கலாம். பாதி இறுகிய அகார் (கிருமி வளர்க்கும் ஜெல்லி) ஊற்றிய டெஸ்ட் ட்யூபில், லிஸ்டீரியா தொட்ட ஊசியால் நட்டநடுவே நேராக ஒரு குத்து. 25 டிகிரியில் வைத்தால் ஓரிரு நாளில் குத்திய கோட்டிலிருந்து கிருமி பக்கவாட்டில் பரவி, மேல்பரப்புக்குச் சற்றுக் கீழே குடை விரித்த மாதிரி வெண்மையாக நிற்கும். காற்று அதற்கு அளவாகக் கிடைக்கும் இடம் அது. 37-ல் வைத்த ட்யூபில் குடை இருக்காது, கோட்டோடு ஒட்டித்தான் வளர்ந்திருக்கும். குளிரில் அது கசையிழை என்ற வால் போன்ற இழையைச் செய்து நீந்துகிறது, உடல் சூட்டில் செய்வதை நிறுத்திவிடுகிறது. கசையிழைப் புரதத்தை நம் நோய் எதிர்ப்பு அமைப்பு சட்டென்று அடையாளம் கண்டுகொள்ளும் என்பதால், உள்ளே வந்ததும் அதைக் கழற்றி வைப்பது கிருமிக்கு லாபம். இதை நடத்துவது ஆர்என்ஏ இல்லை. கசையிழை மரபணுக்களை அடக்கிவைக்கும் ஒரு புரதத்தை, குளிரில் இன்னொரு புரதம் பிடித்து வைத்துக்கொள்கிறது. 37-ல் அந்தப் பிடி விட்டுப்போகிறது. அடக்கும் புரதம் விடுபட்டு வந்து மரபணுவின் மேல் உட்கார்ந்துவிடுகிறது. ஆக, ஒரே கிருமிக்குள் ஒரு வெப்பமானி ஆர்என்ஏ-வில், இன்னொன்று புரதத்தில்.

டிஎன்ஏ மட்டத்திலேயே நடப்பதற்கு ஷிகெல்லாவைச் சொல்லலாம், சீதபேதிக் கிருமி. 30 டிகிரியில் வளர்த்த ஷிகெல்லாவால் குடல் செல்லுக்குள் நுழைய முடியாது, 37-ல் வளர்த்ததால் முடியும் என்று 1984-லேயே எழுதிவிட்டார்கள். காரணம் பிறகுதான் பிடிபட்டது. எச்-என்எஸ் என்ற புரதம் டிஎன்ஏ-வின் இரண்டு இடங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நடுவில் உள்ள மரபணுவைப் படியெடுக்க விடாமல் அமுக்குகிறது. அந்த இரண்டு இடங்களும் பக்கத்தில் வரவேண்டுமென்றால் டிஎன்ஏ வளைந்திருக்க வேண்டும். சுமார் 32 டிகிரியைத் தாண்டினால் வளைவு நிமிர்கிறது, எச்-என்எஸ் பிடி நழுவுகிறது, தலைமை மரபணு திறக்கிறது. அதன் பின்னால் ஒரு கூட்டமே திறக்கிறது.

பிளேக் கிருமியைப் பற்றி ஒரு பத்தி சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் சூட்டில் திறப்பதையும் குளிரில் திறப்பதையும் அது ஒன்றாகக் காட்டுகிறது. தெள்ளுப்பூச்சியின் வயிறு நம் உடம்பைவிடக் குளிர்ந்தது. அங்கே கிருமி பசை மாதிரி ஒன்றைச் சுரந்து, கூட்டமாக ஒட்டிக்கொண்டு, பூச்சியின் உணவுப்பாதையை அடைத்துவிடுகிறது. பூச்சிக்குக் குடித்த ரத்தம் உள்ளே இறங்காது, பசி அடங்காது. திரும்பத் திரும்பக் கடிக்கும், கடிக்கும்போதெல்லாம் கிருமியைக் கக்கும். ஆளுக்குள் வந்து 37 ஆனதும் அந்தப் பசையைச் செய்யும் புரதங்களில் சில சிதைக்கப்படுகின்றன. பதிலுக்கு வெள்ளையணுக்கள் விழுங்க முடியாதபடி ஒரு உறையைப் போர்த்திக்கொள்கிறது. மேல்சவ்வில் உள்ள கொழுப்பு மூலக்கூறைக்கூட மாற்றிவிடும். குளிரில் அந்த மூலக்கூறுக்கு ஆறு கொழுப்பு அமில வால் இருந்ததை நான்காகக் குறைத்துக்கொள்ளும். ஆறு வால் இருந்தால் நம் உடம்பின் காவல் உடனே மணி அடித்துவிடும், நான்குக்கு அவ்வளவாக அடிக்காது.

சரி, உங்கள் கேள்வியின் நடுமையத்துக்கு வருவோம். தெருவே 40-ல் இருந்தால்?

மறுபடியும் ஷிகெல்லாதான் நல்ல சாட்சி. நம் ரத்தத்தில் உள்ள ஹீமிலிருந்து (ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் பகுதி) இரும்பை உறிஞ்ச அதற்கு ஒரு வாசல் புரதம் உண்டு. அந்த வாசலின் ஆர்என்ஏ-விலும் லிஸ்டீரியாவில் பார்த்த மாதிரியே ஒரு வெப்பமானி மடிப்பு இருக்கிறது: குளிரில் மூடும், 37-ல் திறக்கும். ஆனால் அந்த ஆர்என்ஏ படியெடுக்கப்படுவதே இரும்புப் பஞ்சம் இருந்தால்தான். சுற்றிலும் இரும்பு தாராளமாக இருந்தால் ஃபர் என்ற புரதம் மரபணுவை அமுக்கி வைத்துவிடும், படியே வராது. படியே இல்லாதபோது மடிப்பு திறந்தால் என்ன, மூடினால் என்ன? நம் உடம்பில் இரும்பு எல்லாம் ஹீமோகுளோபினிலும் வேறு புரதங்களிலும் பூட்டிக் கிடக்கிறது. சும்மா கிடைப்பது அற்பம். ஆகவே 'சூடாக இருக்கிறது, இரும்பு கிடைக்கவில்லை' என்ற இரண்டும் சேர்ந்தால்தான் வாசல் திறக்கும். சாக்கடைக்குள் வெறும் சூடு மட்டும் இருந்தால் போதாது.

லிஸ்டீரியாவும் அப்படித்தான். 37-ல் மடிப்பு அவிழ்ந்து பிஆர்எஃப்ஏ புரதம் வந்துவிட்டாலும், அது முழு வேகத்தில் இயங்க குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு அதனோடு சேர வேண்டும். அது நம் செல்லுக்குள் நிறைய உண்டு. கிருமி தானாகவும் செய்துகொள்ளும் என்றாலும், செல்லுக்குள் போன பிறகுதான் கணக்கு நிறைவாகிறது. சித்திரை வெயிலில் வைகை மணலில் கிடக்கும் லிஸ்டீரியாவுக்கு வெப்பமானி திறந்திருக்கலாம். மற்ற சாவிகள் கையில் இல்லை. போதாக்குறைக்கு அந்த வெயிலின் புற ஊதாக் கதிரும் வறட்சியும் அதைக் கொன்றுகொண்டே இருக்கும். வெளியே 40 என்று செய்தியில் சொல்வது காற்றின் வெப்பம் என்பதையும் மறக்க வேண்டாம். மண்பானைத் தண்ணீரும் கண்மாயின் அடித்தண்ணீரும் அந்தக் கணக்கில் வராது.

இதில் நம்ம ஊருக்கே உரிய உதாரணம் எலிக்காய்ச்சல் கிருமி, லெப்டோஸ்பைரா. எலி, மாடு, பன்றி இவற்றின் சிறுநீரில் வெளியே வந்து, தேங்கிய தண்ணீரிலும் ஈர மண்ணிலும் பல நாள் தாக்குப்பிடிக்கும். வயலில் வெறுங்காலோடு இறங்குபவருக்குச் சிராய்ப்பு வழியாக உள்ளே போகும். 1993 கடைசியில் பெய்த பெருமழை, வெள்ளத்துக்குப் பிறகு, மதுரையில் கண்ணுக்குள் அழற்சியோடு வந்தவர்களின் எண்ணிக்கை திடீரென்று கூடியது. அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் தேடிப்போனதில் காரணம் லெப்டோஸ்பைரா என்று தெரிந்தது. 1994-ன் முதல் பாதியில் பார்த்த 73 நோயாளிகளைப் பற்றி 1997-ல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் துறையில் உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுவது. காய்ச்சல் வந்து போய் வாரங்கள், மாதங்கள் கழித்துக் கண் சிவப்பதால் இரண்டையும் யாரும் எளிதில் முடிச்சுப் போடமாட்டார்கள். அதனால்தான் அந்தக் கண்டுபிடிப்புக்கு மதிப்பு.

இந்தக் கிருமியின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். லேபில் இதை 28-லிருந்து 30 டிகிரி வரைக்குள்தான் வளர்ப்போம். நம் பக்கத்து வயல் தண்ணீரும் ஏறக்குறைய அந்தச் சூட்டில் இருக்கக்கூடியதுதான்; உடம்பு 37. ஐரோப்பாவின் குளிர்ந்த குளத்திலிருந்து உடம்புக்குள் போகும் கிருமிக்கு இருக்கும் அளவு பெரிய இடைவெளி இங்கே இல்லை. வெப்பத்தை மட்டும் நம்பினால் அது தடுமாறிப் போகும். ஆனால் அதற்கு வேறு ஒரு துப்பு இருக்கிறது: உப்பு. மழைத்தண்ணீரில் கரைந்த உப்பு மிகக் குறைவு, ரத்தத்தில் அதிகம். உடம்புத் திசுக்களில் ஒட்டிக்கொள்ள உதவும் லிக் என்ற புரதங்களை, வழக்கமான வளர்ப்பு ஊடகத்தில் அது கிட்டத்தட்டச் செய்வதே இல்லை. அதே ஊடகத்தில் ரத்தத்தின் அளவுக்கு உப்பைச் சேர்த்தால் செய்யத் தொடங்குகிறது. அதோடு, லிக் புரதங்களின் ஆர்என்ஏ-விலும் வெப்பத்தால் அவிழும் ஒரு மடிப்பு இருப்பதை 2013-ல் காட்டினார்கள். உப்பும் சூடும் சேர்ந்தால் உற்பத்தி உச்சம். கோடையில் கண்மாய்த் தண்ணீர் எவ்வளவு சூடானாலும் கிருமி அதை ரத்தம் என்று நினைத்துக்கொள்வதில்லை.

அப்புறம் காய்ச்சல். 98.6 ஃபாரன்ஹீட் என்பது 37. 104 என்பது 40. இந்த மூன்று டிகிரியில் மேலே சொன்ன ஆர்என்ஏ மடிப்புகள் மூடிக்கொள்வதில்லை, திறந்தே இருக்கும். ஆனால் கிருமிக்கு இன்னொரு தலைவலி ஆரம்பிக்கும்: புரதங்கள் சூட்டில் உருக்குலையத் தொடங்கும். ஈ.கோலையில் இதற்கென்றே சிக்மா-32 என்று ஒரு புரதம் இருக்கிறது. சாதாரண நேரத்தில் உருக்குலைந்த புரதங்களைச் சீர்செய்யும் உதவிப் புரதங்கள் அதைப் பிடித்துக்கொள்ளும்; பிடிபட்ட சிக்மா-32 ஒரு நிமிட வாக்கில் சிதைக்கப்பட்டுவிடும். சூடு ஏறியதும் உதவிப் புரதங்கள் எல்லாம் ரிப்பேர் வேலைக்குப் போய்விட, சிக்மா-32-க்கு விடுதலை. அது போய் இன்னும் உதவிப் புரதங்களைச் செய்ய ஆணையிடும். வேலை ஓய்ந்ததும் அவை திரும்பி வந்து மறுபடி அதைப் பிடித்துக்கொள்ளும். சிக்மா-32-ன் ஆர்என்ஏ-விலேயே சூட்டில் திறக்கும் மடிப்பும் உண்டு.

மூளைக்காய்ச்சல் தரும் மெனிஞ்சோகாக்கஸ் காய்ச்சலைத் தனக்குச் சாதகமாகவே பயன்படுத்திக்கொள்கிறது என்று தோன்றுகிறது. மூக்குக்குப் பின்புறம் காற்று பட்டுக் குளிர்ந்த இடத்தில் பெரும்பாலும் சாதுவாக இருக்கும் கிருமி அது. அதன் பாதுகாப்பு உறை உள்பட மூன்று விஷயங்களுக்கு ஆர்என்ஏ வெப்பமானி இருப்பதை 2013-ல் கண்டார்கள். வெப்பம் ஏற ஏற உறை தடிக்கிறது. அதற்காகக் காய்ச்சல் கெட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். சிஃபிலிஸ் கிருமி சூடு தாங்காதது. பெனிசிலின் இல்லாத காலத்தில் மலேரியாவை வேண்டுமென்றே ஏற்றிக் காய்ச்சல் வரவழைத்து மூளை சிஃபிலிஸுக்கு வைத்தியம் பார்த்த வாக்னர்-யவுரெக்குக்கு 1927-ல் நோபல் பரிசே கிடைத்தது. கிருமிக்குக் கிருமி கணக்கு மாறும். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டரைப் பாருங்கள், ஆர்என்ஏ மடிப்பைப் பற்றி யோசித்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

குளிர் பக்கமும் கொஞ்சம். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பாக்டீரியாவின் சவ்வும் கொழுப்புதான், குளிரில் அதற்கும் அந்தக் கதிதான். லிஸ்டீரியா கிளைவிட்ட கொழுப்பு அமிலங்களை அதிகம் சேர்த்துக்கொண்டு சவ்வை இளக்கமாக வைத்துக்கொள்கிறது. அதனால் ஃப்ரிட்ஜில் 4 டிகிரியிலும் மெதுவாகப் பெருகும். ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்பது எல்லாக் கிருமிக்கும் பொருந்தாது.

சூட்டில் எல்லாமே திறக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அக்ரோபாக்டீரியம் நேர் எதிர். செடிக்குள் தன் டிஎன்ஏ-வைச் செலுத்திக் கழலை வரவைக்கும் மண் பாக்டீரியா அது. மரபணு மாற்றுப் பயிர் செய்ய அதைத்தான் வேலையாளாக வைத்திருக்கிறார்கள். காயம்பட்ட செடியின் வாசனையை உணரும் அதன் புரதம் 32 டிகிரிக்கு மேல் சரியாக இயங்காது. டிஎன்ஏ-வைச் செலுத்தும் கருவியும் இன்னும் குளிர்ந்தால்தான் நன்றாக வேலை செய்யும். ஏசி இல்லாத அறையில் மே மாதம் இந்தப் பரிசோதனையை வைத்துவிட்டு, வரவில்லையே என்று ரசாயனத்தைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

இதையெல்லாம் நீங்களே ஒரு தடவை பார்க்க வேண்டுமென்றால் லிஸ்டீரியா, ஷிகெல்லா பக்கம் போகவேண்டாம். உங்கள் துறையில் செராஷியா மார்செசென்ஸ் என்ற, சிவப்பு நிறமி செய்யும் பாக்டீரியாவை வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஆசிரியர் கூட இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். உடல் பலவீனமானவர்களுக்கு அதுவும் நோய் தரும். ஒரே குடுவையிலிருந்து எடுத்து இரண்டு நியூட்ரியன்ட் அகார் தட்டில் கீறி, ஒன்றை 28-லும் மற்றொன்றை 37-லும் வையுங்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ 28-ல் உள்ளது குங்குமச் சிவப்பாக இருக்கும், 37-ல் உள்ளது வெளிறி நிற்கும். இரண்டிலும் வளர்ச்சி தாராளமாக இருப்பதைக் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். வளர்ச்சி வேகம் வேறு, மரபணு இயக்கம் வேறு என்று தொடக்கத்தில் சொன்னதற்கு ஆதாரம் அதுதான். பிறகு வெளிறிய தட்டிலிருந்து ஒரு குடியிருப்பை (காலனி, புள்ளியாகத் தெரியும் பாக்டீரியாக் கூட்டம்) எடுத்துப் புதுத் தட்டில் கீறி 28-ல் வையுங்கள். சிவப்பு திரும்பி வந்தால் மரபணு தொலைந்துபோகவில்லை, வேலை செய்யாமல்தான் இருந்தது என்று ஆகிவிடும். உங்கள் ஊர் 'அறை வெப்பநிலை'யை மட்டும் நம்பாதீர்கள். கோடையில் மேசைமேல் வைத்த தட்டும் வெளிறிப்போகலாம், 28-க்கு இன்குபேட்டரே வேண்டும். முடிந்ததும் தட்டுகளை ஆட்டோகிளேவில் 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தத்தில் வைத்து எடுத்துவிட்டுத்தான் குப்பையில் போடவேண்டும்.